மலை சுத்தி வந்த சக்கரம்

எங்கள் பக்கத்தில் அவரை வீல்காரர் என்றுதான் சொல்வார்கள். பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. மனுசன் இப்போது வேலூர்ப் பக்கம் எங்கேயோ கடை வைத்துப் பிழைக்கிறார் என்று கேள்வி. குடும்பம் குட்டி இருக்கிறது. அவர் மேல் எனக்கு இருக்கிற வருத்தம் எனக்கும் அண்ணாமலையாருக்கும் தெரிந்தால் போதும்.

அப்போது திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் என் கடைக்கும் அவர் கடைக்கும் ஒரே சுவர். நான் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவன். சாமியானா, சேர், சமையல் அண்டா, சீரியல் லைட்டு எல்லாம் உண்டு. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் கார்களுக்கு வீல் மாற்றித் தருகிறவர். கம்பெனி போட்டு அனுப்புகிற வீலைக் கழற்றிவிட்டு, பளபள என்று அகலமாக வேறு வீல் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் உண்டு இல்லையா, அவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள்.

அந்த மாதிரி கடையில் கையெல்லாம் கிரீஸ் இல்லாமல் ஒரு ஆளைப் பார்க்க முடியாது. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் ஷட்டரை இழுத்து விடும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். கவிழ்த்துப் போட்ட பழைய ரிம் மேல் உட்கார்ந்திருப்பார். நெற்றியில் பட்டை. பேச்சு கம்மி. ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அதை வாய்க்குள்ளேயே ஒரு தரம் உருட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

போனில் பார்த்து வீல் வாங்கிவிட்டு நேராக அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"அண்ணா, இது நம்ம வண்டிக்கு சேருமா?"

உடனே பதில் வராது. வீலைத் தரையில் படுக்க வைப்பார். போல்ட்டு ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் அளப்பார். நடு ஓட்டையை அளப்பார். அப்புறம் வண்டியிடம் போய் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பார். புது வீல் உள்பக்கம் எவ்வளவு போகும், வெளிப்பக்கம் எவ்வளவு துருத்தும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு பேச்சு பேசுவார்.

"போல்ட்டுக்கு சேரும்."

"அப்ப மாட்டிடலாம்ணா!"

"போல்ட்டுக்கு சேரும்னுதான் சொன்னேன்."

"பின்ன எதுக்கு சேராது?"

"மட்கார்டுக்கு."

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு நெல் வியாபாரி இந்தப் பேச்சில் தலையைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். "யோவ், இந்தாளுகிட்ட ஒரு விசயத்தை வாங்கறதுக்குள்ள எம் பையன் கல்யாணமே முடிஞ்சிடும்போல இருக்கே!" என்றார். நான் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற ஆள் இந்த ஊரில் எத்தனை பேர்?

அவர் நாக்கில் பொய் வராது. இதை நான் யாரிடமும் சொல்வேன். ஒரு தரம் என் சாமான் வேனை ஒரு ஆட்டோ இடித்துவிட்டது. கடை வாசலிலேயே நடந்தது. ஆட்டோக்காரன் நின்ற வண்டி மேல் ஏற்றிவிட்டு, நான்தான் வேனைப் பின்னால் எடுத்து இடித்தேன் என்று சாதிக்கிறான். கூட்டம் கூடிவிட்டது. வீல்காரர் அங்கேதான் ரிம் மேல் உட்கார்ந்திருந்தார். "நீங்களே சொல்லுங்க, நீங்க பாத்தீங்க இல்ல?" என்றேன்.

"சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தேன். இடிச்சதை நான் பாக்கலணா."

ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருந்தால் ஆட்டோக்காரன் அடங்கியிருப்பான். அன்றைக்கு எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மேல் கோபமே வரவில்லை. பக்கத்துக் கடைக்காரனுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாதவன் வேறு யாருக்காகச் சொல்லப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு படி மேலே போய்விட்டார்.

என் சம்சாரத்துக்கு மட்டும் அவர் மேல் ஒரு சந்தேகம். கார்த்திகை தீபத்தன்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"சாம்பார் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சூடா இருந்துச்சு அண்ணி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் போன பிறகு அவள் பாத்திரத்தை டங் டங் என்று போட்டாள். "உப்பு ஜாஸ்தின்னா ஜாஸ்தின்னு சொல்றதுக்கு என்னா? அந்த மனுசன் பொய் சொல்ல மாட்டாரு, சரி. நாம கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லுவாரு. பாத்துக்கோங்க."

"நீ சாம்பார் கோவத்துல பேசற."

"ஆமா, நான் கோவத்துலதான் பேசறேன்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டோம்.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. வீல் மாட்டிய எந்த வண்டியானாலும், மலையை ஒரு சுத்து சுத்திக்கொண்டு வந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். செருப்பைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுவார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு போவார். கிரிவலப் பாதையில் வேகத்தடை இருக்கிறது, மாடு குறுக்கே வரும், சாமியார்கள் நடப்பார்கள், பிரேக் அடிக்கணும், வளைக்கணும். அடி அண்ணாமலை தாண்டி ஊருக்குள் வந்து கடை வாசலில் நிறுத்துவார். டயர் எங்கேயாவது உரசியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பௌர்ணமி அன்றைக்கு அந்தப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். அதனால் அன்று வேலை எடுக்க மாட்டார். எல்லோரோடும் அவரும் நடப்பார்.

"ஊர்ல ரோடா இல்ல, ஏன் மலையையே சுத்தறீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

"எட்டு லிங்கத்துக்கும் ஒரு கும்புடு ஆச்சு. வண்டிக்காரருக்கும் மனசுக்குத் திருப்தி."

உண்மைதான். ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் அதற்காகவே அவரிடம் கொடுத்தார்கள். "மலை சுத்திடுச்சுங்க" என்று அவர் சாவியை நீட்டினால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மலையைச் சாட்சி வைத்துச் சொல்லும் சொல் எங்கே தப்பப்போகிறது?

என் ஒரே மகளை பெங்களூரில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை. தங்கமானவர். ஆனால் நான் எட்டாவதோடு நின்றவன். அவர் என்னிடம் மரியாதையாக இருப்பார், காலில் விழுவார், பண்டிகைக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். எதையாவது முடிவு பண்ணும்போது என்னைக் கேட்க மாட்டார். அது தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒரு மாமனாருக்கு ஆசை இருக்கும் இல்லையா, ஒரு விசயத்தில் நம்ம பேச்சை மாப்பிள்ளை எடுத்துக்கணும் என்று.

அவருக்குக் கார்ப் பைத்தியம். ரெண்டே கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, எதையெதையோ மாற்றி வைத்திருந்தார். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். அதில் ஏறி உட்கார்ந்தால் பாயில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்கு அகலமான வீல் நாலு வாங்கி வைத்துக்கொண்டு, பெங்களூரில் யாரிடம் மாட்டலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் மகள் போனில் சொன்னாள்.

நான் போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். "தெரியாதவன்கிட்ட ஏன் மாப்ள? இங்க வாங்க. எங்க பக்கத்துக் கடைக்காரர் பாத்துச் சொல்லுவாரு. சேரும்னா சேரும்பாரு, சேராதுன்னா சேராதும்பாரு. அவர் வாயில பொய் வராது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி மாமா, நீங்க சொல்றீங்க. அங்கேயே கொண்டு வரேன்" என்றார்.

அன்றைக்கு நான் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்தேன். வேறு எதற்கும் இல்லை. அந்த "நீங்க சொல்றீங்க"வுக்காக.

ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்தார்கள். மகளுக்கு அப்போது அஞ்சு மாசம். வீல்காரர் எப்போதையும்விட ரொம்ப நேரம் அளந்தார். பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு, விரலை விட்டு எடுத்து, மறுபடியும் விட்டார். மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன மாமா, உங்க ஆளு நாடி புடிச்சிப் பாக்கறாரு?" என்று கிண்டல் பண்ணினார்.

"பாத்துட்டுதான் சொல்லுவாரு மாப்ள. அவர் சொல்லிட்டா அது கோயில் வாசல்ல சொன்ன மாதிரி." வீல்காரர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்" என்றார். மாட்டினார். செருப்பைக் கழற்றினார். போனார்.

வர நேரமாயிற்று. வந்து இறங்கினதும் நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"மலை சுத்தியாச்சா?"

"சுத்தியாச்சுணா."

"ஒரசுச்சா?"

"மலை சுத்தி வர்றப்ப ஒரு சத்தம் இல்ல."

நான் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நானே அந்தக் காரைச் செய்த மாதிரி நின்றேன்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். பின் சீட்டில் ஆள் உட்கார இடம் கிடையாது. அதில் ஒரு மூட்டை அரிசி, வேர்க்கடலை, அவள் அம்மா போட்ட ஊறுகாய் எல்லாம் ஏற்றினோம். வீல்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வந்திருந்தார். நான் மூட்டையோடு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தார். ரெண்டு பேரும்தான் தூக்கி வைத்தோம். வண்டி பின்னால் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அவர் பின் சக்கரத்தையே ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் குனிந்து, "வளைவுல மெதுவா போங்க சார்" என்றார்.

எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

செங்கம் தாண்டி ஒரு இடது வளைவில் வலப்பக்கம் பின் டயர் கிழிந்து வெடித்துவிட்டது. வண்டி சுழன்று, ரோட்டை விட்டு இறங்கி, வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் மோதி நின்றது. எதிரில் பஸ் வராதது அண்ணாமலையார் கருணை. மகளுக்குத் தோள்பட்டையில் பெல்ட்டு இறுக்கி ரத்தம் கட்டிவிட்டது. வயிற்றில் வலி என்றாள். போன் வந்து நாங்கள் செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரையில் என் சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ரெண்டு நாள் படுத்திருக்கட்டும் என்றார். அப்போதுதான் என் சம்சாரத்துக்கு அழுகையே வந்தது.

வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மண். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"மாமா, மலையை எந்தப் பக்கமா சுத்துவீங்க?"

"வலமாத்தான் மாப்ள. இடமா யாராவது சுத்துவாங்களா?"

"அப்ப மலை எப்பவும் வலது பக்கம் இருக்கும். வண்டி பூரா நேரமும் வலது பக்கமே வளைஞ்சிட்டிருக்கும். இல்ல?"

"ஆமா."

"வலது பக்கம் வளைஞ்சா பாரம் இடது பக்கம் சாயும் மாமா. வலது சக்கரத்து மேல பாரமே வராது. இடது பக்கம் வளையும்போதுதான் வலது பின் சக்கரம் மட்கார்டுக்குள்ள போய் உக்காரும். அங்கதான் டயரை அறுத்திருக்கு. நான் பாத்தேன்." கோபமே இல்லாமல், கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "எத்தனை தரம் மலை சுத்தியிருந்தாலும் அது தெரிஞ்சிருக்காது."

நான்தானே இங்கே வரச் சொன்னேன் என்று இருந்தது. ஆனால், எழுதுவதில் என்ன மறைவு, கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. அப்படியானால் இது தெரியாமல் நடந்த தப்பு. இந்த ஊரில் பிறந்த எவனும் செய்கிற தப்பு. எதிர்ப்பக்கம் சுத்திப் பார்க்கணும் என்று நம்மில் யாருக்குத் தோன்றும்? பாவம், அந்த மனுசன் கேட்டால் உடைந்துபோவார் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் நேராக அவர் கடைக்குத்தான் போனேன், அவருக்கு ஆறுதல் சொல்ல. நடந்ததைச் சொன்னேன். வலம், இடம் எல்லாம் மாப்பிள்ளை சொன்ன மாதிரியே சொன்னேன். "உங்க மேல ஒண்ணும் இல்ல. உங்களுக்கும் தெரியாமப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வழக்கம்போல வாய்க்குள் உருட்டினார்.

"தெரியும்ணா" என்றார்.

"என்னா தெரியும்?"

"மொதல்ல மணலூர்பேட்டை ரோட்லதான் ஓட்டிப் பாத்தேன். ஒரு இடது வளைவுல பின் சக்கரம் ஒரசுச்சு. அப்புறம்தான் மலை சுத்துனேன். அங்க ஒரசல."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "ஒரசுச்சான்னு கேட்டேனே? இல்லேன்னு சொன்னீங்களே?"

"மலை சுத்தி வர்றப்ப சத்தம் இல்லேன்னு சொன்னேன். நான் பொய் சொல்லலணா."

"ஏன்யா?" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஏன்யா சொல்லல?"

"மாப்பிள்ளை முன்னாடி நீங்க என்னைப் பத்தி அவ்ளோ சொல்லிட்டீங்க. சேரலன்னு சொன்னா நீங்க அவரைப் பெங்களூர்ல இருந்து வரவெச்சது வீண்னு ஆயிடும். மெதுவா போனா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். வளைவுல மெதுவா போங்கன்னு சொன்னேன்ல?"

"மூட்டையைத் தூக்கி வெச்சீங்களே. எம் பொண்ணு மாசமா இருக்கறது தெரியாதா உங்களுக்கு?"

அவரிடம் உண்மையாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் பேச மாட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த மனுசன் பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு பொய்க்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவர் என் சாமியை எடுத்து, என் மலையை எடுத்து, நான் எந்தப் பதிலைக் கேட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டேன் என்று தெரிந்துகொண்டு, அதை வைத்து என் வாயை மூடியிருக்கிறார். என்னால் என் மாப்பிள்ளை வாயும் மூடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதற்காக என் சம்சாரம் பின் அறைக்கு வெள்ளை அடித்து, தொட்டில் புடவை எல்லாம் துவைத்து வைத்திருந்தாள். ஊரில் நல்ல டாக்டரம்மா யார் என்று நானும் விசாரித்து வைத்திருந்தேன். வளைகாப்பு முடிந்து அழைத்துவரப் போனபோது மாப்பிள்ளையிடம் அந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னேன். "ரொம்பக் கைராசி மாப்ள. நான் நல்லா விசாரிச்சுட்டேன்" என்றேன்.

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "இல்ல மாமா. இங்கேயே வெச்சுக்கலாம். அத்தை வேணா வந்து இருக்கட்டும்."

ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. எனக்குக் காபி கொண்டு வந்து கொடுத்தார். பஸ் ஏற்றிவிட வந்தார். நான் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்று வரைக்கும் எடுத்துக்கொள்வதில்லை.

பேரன் பிறந்த சேதி வந்த மறுநாள் வீல்காரர் என் கடைக்கு வந்தார். அதுவரை மாசக்கணக்கில் நாங்கள் முகம் பார்க்கவில்லை. ஒரே சுவர், ரெண்டு பக்கமும் இருமல் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். காகிதத்தில் மடித்த திருநீறை நீட்டினார்.

"பேரன் பொறந்திருக்கான்னு கேள்விப்பட்டேன்ணா. பாப்பாவுக்கும் கொழந்தைக்கும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

மனுசனை வேண்டாம் என்று சொல்லலாம். திருநீறை எப்படி வேண்டாம் என்பது? ரெண்டு கையாலும் வாங்கினேன். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். கண்கூட கலங்கியிருந்தது. ஆனால் என் மனசு அதைக் கேட்டு அடங்கவில்லை. இந்தப் பேச்சில் எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று தேட ஆரம்பித்துவிட்டது.

"வேற?" என்றேன்.

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். வாய்க்குள் உருட்டினார். "நீங்க பழையபடி எங்கூட பேசணும்னு" என்றார்.

இன்னொரு "வேற?" கேட்டிருந்தால் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பார். அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு தரமும் வேற, வேற என்று கேட்டுக்கொண்டே இருந்து ஒரு மனுசனோடு எப்படிப் பழகுவது? எனக்குத் தெம்பு இல்லை. திருநீறை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேன். மீதியைப் பேரனுக்கு என்று மடித்து மேல்பையில் வைத்தேன். மாலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் போக வேண்டியிருந்தது. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே போய்ச் சாமியானாத் துணியை எண்ணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.